வாசலுக்கு வந்தவன்

வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நாலாம் நாள் காலை. அத்தாரா கிணற்றடியில் குடத்தோடு நின்றிருந்தபோது, ஆடு மேய்க்கப் போன கிழவன் ஒருவன் வெறுங்கையோடு ஓடி வந்தான். கோலையும் காணோம், ஆடுகளையும் காணோம். ஊர்வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"கீழ்க்காட்டுல ஒரு ஆளு செத்துக் கிடக்கான். வயித்துல குத்தியிருக்கு. நம்ம ஊர் ஆளு இல்ல."

வாசலில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த மூப்பர்கள் எழுந்தார்கள். பேத்சாகேத் ஊருக்கு ஏழு மூப்பர்கள். அவர்களில் இளையவர் அத்தாராவின் புருஷன் யாலோன். அவர் போகிறபோக்கில் மனைவியைப் பார்த்து, "கூலியாளுங்களுக்கு நீயே ரொட்டி கொண்டு போயிடு, நான் வர நேரமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பும்போது கீழ்க்காட்டுப் பக்கம் ஊரே நிற்பது தெரிந்தது. அவளும் போனாள்.

பக்கத்து ஊரான ஏனோரேப்பின் மூப்பர்களும் வந்து தள்ளி நின்றிருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அந்த ஆள் கிடந்தான். யாரும் தொடவில்லை. ஆசாரியரும் நியாயாதிபதியும் மலையேறி வந்து சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. அதுவரை ஈ ஓட்டக்கூட ஒருவரும் கிட்டப் போகவில்லை.

கொன்றவன் யாரென்று தெரிந்தால் வழக்கு அவனோடு முடியும். தெரியாவிட்டால், எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ அந்த ஊர் முழுசும் அந்த ரத்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நுகம் ஏறாத கிடாரி ஒன்றை, ஏர் படாத ஓடைப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய்க் கழுத்தை முறித்து, அதன்மேல் மூப்பர்கள் கை கழுவ வேண்டும். அதனால் முதலில் அளந்தாக வேண்டும். ஐம்பது முழக் கயிறு கொண்டுவந்தார்கள்.

"கால்ல இருந்து அள" என்றார் ஏனோரேப்பின் பெரிய மூப்பர் கெதோர். செத்தவனின் கால் பேத்சாகேத்தைப் பார்த்து நீட்டியிருந்தது.

"கால்ல இருந்து அளக்க இவன் என்ன செருப்பா வாங்க வந்தான்?" என்றார் இந்த ஊரின் பெரிய மூப்பர் சூகார். "தலையில இருந்து அள."

"தலை எங்க பக்கம் இருக்குன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. தலைதான் சொல்லுது."

"உங்க ஊர் கழுதையெல்லாம் இந்தக் காட்டுலதானய்யா மேயுது. மேய்ச்சலுக்கு மட்டும் உங்க காடு, பொணம் விழுந்தா எங்க காடா?"

"நீ ஓட்டிவிட்ட கழுதையெல்லாம் எந்தக் காட்டுலேருந்து ஓட்டின? அப்ப மட்டும் உங்க காடா இருந்துச்சா?"

பெண்களில் சிலர் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஆசாரியர் சிரிக்கவில்லை. ஒல்லியான மனிதர், வெயிலில் நடந்து வந்த களைப்பு அவருக்கு. "மூக்குல இருந்து அளங்க" என்றார். "மூச்சு போன இடம் அதுதான்."

கயிறு பிடிப்பவர்கள் மூக்கின் அருகே முளை அடிக்கக் குனிந்தார்கள். கூட்டம் முன்னால் நகர்ந்தது. அத்தாராவும் நகர்ந்தாள். அப்போதுதான் அந்தச் செருப்பைப் பார்த்தாள். இடது செருப்பின் வார் அறுந்துபோய், நீலக் கம்பளித் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கால் அவள் வீட்டு வாசலில் நின்றது.

அப்போதுதான் அவள் திரிகையை விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மாவு திரித்து முதுகு கழன்றுவிடும்போல் இருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிரக்கூட இல்லை. தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். குடித்துவிட்டு, "ரொட்டி ஏதாச்சும் இருக்குமா தாயி? ராத்திரி ஒரு மூலையில கிடந்துட்டு விடியப் போயிடுவேன்" என்றான். தெற்கத்திப் பேச்சு. உள்ளே துணிக்கடியில் கூலியாட்களுக்கென்று சுட்டு அடுக்கிய ரொட்டி சூடாக இருந்தது. அவனுக்குக் கொடுத்தால் இன்னொரு தரம் மாவு பிசைய வேண்டும். படுக்க இடம் கொடுத்தால் கால் கழுவத் தண்ணீர், விரிக்கப் பாய், விசாரிக்க நாலு வார்த்தை. பொல்லாத எண்ணம் ஒன்றும் இல்லை. வெறும் அலுப்பு.

"ரொட்டி தீந்துடுச்சு. ஆம்பளையும் வீட்ல இல்ல. ஏனோரேப் பக்கந்தான், இருட்டறதுக்குள்ள போயிரலாம்" என்று அவன் காலைப் பார்த்தே சொல்லிவிட்டாள்.

"சரி தாயி" என்று அந்தக் கால் திரும்பிப் போனது.

இப்போது அதே கால் மண்ணில் ஒருக்களித்துக் கிடக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. கையை மடக்கி அதன்மேல் படுத்துத் தூங்கி எழுந்தால் கை இருப்பது தெரியும், ஆனால் நம்முடையது என்று தோன்றாது. அப்படி ஆகிவிட்டது அவளுக்கு, உடம்பு முழுக்க.

அளந்து முடிக்க வெகுநேரம் ஆனது. கயிறு கல்லில் மாட்டியது என்று ஒரு முறை, தொய்ந்துவிட்டது என்று ஒரு முறை, திரும்பத் திரும்ப அளந்தார்கள். கடைசியில் நியாயாதிபதி சொன்னார், பேத்சாகேத்தான் எட்டு முழம் கிட்ட இருக்கிறது என்று.

கெதோர் தன் ஆட்களைப் பார்த்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாங்க கிளம்பறோம். அறுப்பு கிடக்கு." அவர்கள் போனார்கள். செத்தவனை அங்கேயே குழிவெட்டிப் புதைத்தார்கள். மடியில் ஓட்டைக் காசுகூட இல்லை. பேர் ஊர் தெரிய அடையாளம் ஏதும் இல்லை. கத்திக்காரன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

சாயங்காலம் ஊர்வாசலில் கூடினார்கள். எந்த வீட்டுக் கிடாரி என்று பேச்சு. ஊரில் நுகம் வைக்காத கிடாரி மூன்று இருந்தன. அதில் இரண்டின் சொந்தக்காரர்கள் தங்களுடையதைப் போன உழவில் ஒரு நாள் பூட்டிப் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

"எப்பேரு, உன் கிடாரி பொறந்தே அஞ்சு மாசந்தானய்யா ஆவுது? போன உழவுல அது ஆத்தா வயித்துக்குள்ள இருந்தில்ல ஏர் இழுத்திருக்கும்?" என்றார் சூகார், அந்த இருவரில் ஒருவரான எப்பேரைப் பார்த்து.

தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்களுக்குப் பின்னாலிருந்து அத்தாரா சொன்னாள். "எங்க வீட்டுக் கிடாரி இருக்கு. அத எடுத்துக்கங்க."

யாலோன் திரும்பிப் பார்த்தார். அந்தக் கிடாரியைத்தான் அடுத்த வருஷம் உழவுக்குப் பழக்குவதாக இருவரும் பேசி வைத்திருந்தார்கள். நாலு பேர் நடுவில் மனைவியை மறுத்துப் பேச முடியாமல், "ஆமா, இருக்கு" என்றார்.

சந்து திரும்பியதும் நின்றார். "என்ன காரியம் செஞ்ச? நான் ஒருத்தன் அங்க இருக்கறது தெரியலையா? ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

"அந்த ஆளு நம்ம வீட்டுக்கு வந்தான்."

"எந்த ஆளு?"

"செத்தவன். நேத்து நீங்க காட்டுல இருந்தப்ப. ரொட்டி கேட்டான். இல்லன்னுட்டேன்."

யாலோன் சுவரில் கை வைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக் கூரையில் ஒரு பெண் பருப்பு காயவைத்ததை அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கிப் போகும்வரை அவர் பேசவில்லை.

"படுக்க இடம் கேட்டானா?"

"கேட்டான். ஏனோரேப்புக்குப் போன்னேன்."

"வீட்ல ரொட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொன்ன?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். "சொல்லாம இருந்திருந்தா நாளைக்கு நான் பாட்டுக்குக் கைய கழுவிட்டு வந்திருப்பேன். இப்ப எப்படிக் கழுவுவேன்?"

அவள் வீட்டுக்குப் போய்க் கிடாரிக்குத் தவிடு கரைத்து வைத்தாள். அது நாக்கைச் சுழற்றிச் சுழற்றிக் குடித்து, காலித் தொட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டே கொட்டில் முழுக்கச் சுற்றியது.

மறுநாள் காலையில் கிடாரி எப்பேருக்கு வசப்படவில்லை. கயிற்றைப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டது. அத்தாரா கயிற்றை வாங்கியதும் பின்னால் வந்தது. அதனால் அவளே ஓட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மூப்பர்கள் ஏழு பேர், ஆசாரியர்கள் இரண்டு பேர், பின்னால் ஊர் ஜனம். கல்லும் முள்ளுமான சரிவில் இறங்கி ஓடைக்குப் போனார்கள். அந்தப் பள்ளத்தில் யாரும் எந்நாளும் உழுததில்லை. தண்ணீர் மட்டும் வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிடாரி ஓடையில் வாய் வைத்துக் குடித்தது. எல்லோரும் அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். ஏனென்று யாரும் சொல்லவில்லை.

எப்பேர் கோடரியோடு வந்தார். அத்தாரா கயிற்றைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டாள். பின்னங்கழுத்தில் ஒரே அடி. ரத்தம் அதிகமில்லை. காலை மடக்கி, படுக்கப் போவதுபோலத்தான் அது கீழே போனது. கயிறு அவள் கையை இழுத்தது. யாரோ வந்து விரல்களைப் பிரித்து வாங்கினார்கள்.

மூப்பர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தோண்டியில் ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்ற, சூகார் முதலில் கையை நீட்டினார். அப்போது யாலோன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நான் கழுவ முடியாது."

"ஏன்?" என்றார் மூத்த ஆசாரியர்.

"அவன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். ரொட்டி இருந்துச்சு. கொடுக்கல. படுக்க இடம் இருந்துச்சு. கொடுக்கல. என் வீட்டுலேருந்து போன வழியிலதான் செத்தான்."

அத்தாராவின் பெயரை அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் இரண்டொருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

நீட்டிய கையை மடக்காமலே சூகார் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் சலாம் சொன்னான். நம்ம ஊர்வாசல்ல. வரப்பு வழக்கு ஒண்ணு பேசிட்டு இருந்தேன். சும்மா கைய தூக்கிக் காட்டினேன். யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன்."

"நானும் பாத்தேன்" என்றார் எப்பேர் சூகாரைப் பார்த்து. "உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளின்னு நெனச்சுட்டேன்."

"என் வீட்டுக்கா? தெற்கத்தியானா? எனக்கு அங்க யாரு இருக்கா?"

"எனக்கு என்ன தெரியும்!"

"போதும்" என்றார் ஆசாரியர். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "குத்தினது நீங்களா?"

"இல்ல."

"குத்தினதப் பாத்தீங்களா? குத்தினவன் யாருன்னு தெரிஞ்சும் மறைக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்ப கழுவுங்க. நான் சொல்லித் தரப்போற வார்த்தை அதுக்குத்தான். மத்ததுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. அத நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

யாலோன் முன்னால் வந்தார். ஏழு பேரும் கிடாரியின்மேல் கையை நீட்டினார்கள். தண்ணீர் அதன் செம்மயிரில் விழுந்து ஓடையில் இறங்கியது. இந்த ரத்தம் எங்கள் கையால் விழுந்ததல்ல, எங்கள் கண் அதைக் கண்டதுமல்ல என்று ஆசாரியர் எடுத்துக்கொடுக்க, ஏழு பேரும் சொன்னார்கள். யாலோனின் குரலும் அதில் இருந்தது. உம்முடைய ஜனத்தின்மேல் பழியை வைக்காதேயும் என்று ஆசாரியர் வானத்தைப் பார்த்து வேண்டினார். அவ்வளவுதான். இனி அந்தப் பள்ளத்தில் ஒருவரும் ஏர் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் ஓடையில் முகம் கழுவினார்.

ஏறி வரும்போதே ஜனங்களுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. யாரோ கெதோரைப்போல வேட்டியைத் தட்டிக் காட்டினார்கள். சிரிப்பு எழுந்தது. அத்தாராவுக்கும் ஏதாவது தோன்றும் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தாள். பாரம் இறங்கினதுபோலவோ, ஏறினதுபோலவோ, ஏதாவது. ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். ரொட்டி சுட்டாள். விரல் சுட்டுக் கொப்புளம் எழும்பியதைக்கூட மாலையில்தான் பார்த்தாள்.

யாலோன் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. ரொட்டி எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், ஆட்டுக்குத் தழை ஒடித்தாயா என்று கேட்பார். அந்த வீட்டில் பேச்சு அளவோடு போயிற்று. கிணற்றடிப் பெண்களும் அவளை ஒதுக்கவில்லை. எல்லோர் வீட்டுக்கும் அந்தப் பழியில் அவரவர் பங்கு ஏதோ போயிருந்தது. ஆகவே யாரும் தோண்டவில்லை.

கோதுமை அறுப்பும் முடிந்து, கதிரெல்லாம் களத்துக்கு வந்த பிறகு, ஒரு முற்பகலில் யாலோன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். புழுதி படிந்த தாடி. வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"இவர் பேரு எத்னான். தெற்கத்திக்காரர். அண்ணனத் தேடி வந்திருக்கார். ஊர்வாசல்ல விசாரிச்சார்" என்ற யாலோன், அவனிடம் திரும்பினார். "தம்பி, சொல்லிட்டேன் இல்ல. என் வீட்டுலதான் அவருக்கு..."

"அவர் இல்ல" என்றாள் அத்தாரா. "அன்னிக்கு அவர் காட்டுல இருந்தார். வீட்ல இருந்தது நான். ரொட்டி இல்லன்னு சொன்னது நான். இருந்துச்சு."

எத்னான் அவளைப் பார்த்தான். அவன் கத்துவான், மண்ணை வாரித் தூற்றுவான் என்று யாலோன் எதிர்பார்த்திருக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவன் கத்தவில்லை.

"தண்ணியாவது குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"எப்படி இருந்தான்? மூஞ்சி கோவமா இருந்துச்சா, இல்ல சிரிச்ச மாதிரியா?"

"மூஞ்சியப் பாக்கல தம்பி. காலத்தான் பாத்தேன். செருப்புல நீலத்துணி கட்டியிருந்துச்சு."

"நான்தான் கட்டிவிட்டேன்" என்றான். அதற்குப் பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். "எங்க அக்கா வடக்கே கட்டிக்குடுத்தது. அதுக்கும் அவனுக்கும் ரெண்டு வருஷமா பேச்சு இல்ல. ஒரு ஆட்டுக்கடா சண்டை, வேற ஒண்ணும் இல்ல. இப்ப அதுக்குப் புள்ள பொறந்திருக்குன்னு கேட்டதும் இவனே கிளம்பினான். நானும் வரேன்னேன். வேணாம், நீ இருந்தா அவ என்னத் திட்டமாட்டா, திட்டட்டும்னு சொன்னான். அவன் வரலேன்னு அக்கா இன்னிக்கு வரைக்கும் திட்டிட்டுத்தான் இருக்கு. அங்க போய் விசாரிச்சுட்டுத்தான் இப்படி ஊர் ஊரா வரேன். இனிமே திரும்பிப் போய்ச் சொல்லணும்."

யாலோனும் படியில் உட்கார்ந்தார்.

"உங்க பெரியவங்க எல்லாம் கை கழுவிட்டாங்களாமே" என்றான் எத்னான்.

"கழுவிட்டாங்க" என்றாள் அத்தாரா.

"கிடாரி?"

"எங்களது."

அவன் தலையாட்டினான். அதில் கேலியும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஒரு வழி கேட்டு, பதில் தெரிந்துகொண்டவனைப்போல ஆட்டினான்.

"உங்க அண்ணன் பேரு என்ன?" என்று கேட்டாள் அவள்.

"யாரிப்."

"யாரிப்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஊரில் யாருக்கும் தெரியாததால் ஆளோடு சேர்ந்து புதைந்த பேர்.

இன்றைக்குத் தங்கிப் போகச் சொல்லி யாலோன் கேட்டார். அவன் மறுத்துவிட்டான். வெளிச்சம் இருக்கிறது, நடந்துவிடலாம் என்றான். சாப்பிடச் சொன்னதற்கு, பசியில்லை என்றான். அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை தனக்கு உண்டா என்று தெரியவில்லை அவளுக்கு. யாலோன் கைத்தடியை எடுத்துக்கொண்டு அவனோடு இறங்கினார். குழி இருந்த இடத்தைக் காட்டிவிட்டு அப்படியே அடுத்த ஊர் எல்லைவரைக்கும் போய் வருவதாகச் சொன்னார்.

அவள் களத்துக்குப் போய் மாடுகளைக் கதிர்மேல் விட்டு ஓட்டினாள். கிடாரியும் இருந்திருந்தால் நாலு மாடு சுற்றியிருக்கும். இப்போது மூன்று. வெயில் சாயும்வரை ஓட்டினாள். கொப்புளம் எழும்பி ஆறிப்போன விரலில் கயிறு உரசியது. வலித்தது. இத்தனை நாளில் முதல் முறையாக வலி தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

யாலோன் திரும்பி வந்தபோது கால் முழுக்கப் புழுதி. அவள் தண்ணீர் வைத்தாள். அவர் கழுவிக்கொண்டார்.

"பேசினானா?"

"குழிக்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்திருந்தான். கல்லு நாலஞ்சு எடுத்து வச்சான். நானும் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் பேசல. ஏனோரேப் தாண்டி, பெரிய பாதையில சேர்த்துவிட்டுட்டு வந்தேன்."

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"இல்ல."

அவள் பயற்றங்கூழை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாளைக்குக் காற்று மேற்கிலிருந்து வரும்போல இருக்கிறது, தூற்றிவிடலாம் என்றார் யாலோன். சரி என்றாள். மறுநாள் மேற்குக் காற்றே வந்தது. இருவரும் முறத்தோடு களத்துக்குப் போனார்கள்.